ஆல்ஃபா சென்டாரி பி-யின் இல்லாத கோள்: 3.24 நாள் அலைவு எங்கிருந்து வந்தது?

2012 அக்டோபரில் நேச்சர் இதழில் வெளியான ஒரு கட்டுரை உலகச் செய்தியானது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் தொகுதியான ஆல்ஃபா சென்டாரியில், பி என்னும் விண்மீனை ஒரு கோள் 3.236 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது, அதன் குறைந்தபட்ச நிறை பூமியைப் போல 1.13 மடங்கு என்று அது அறிவித்தது. சேவியர் டுமுஸ்க் தலைமையிலான ஐரோப்பியக் குழுவின் வேலை அது. 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வினேஷ் ராஜ்பால், சூசான் ஐக்ரேன், ஸ்டீஃபன் ராபர்ட்ஸ் மூவரும் அதே அளவீடுகளை எடுத்து ஆராய்ந்து, அங்கே கோள் இருப்பதற்குச் சான்று இல்லை என்று காட்டினார்கள்.

கருவியில் பழுதில்லை. தரவை யாரும் திரிக்கவில்லை. முதல் குழு அக்காலத்தில் அந்தத் துறையின் மிகக் கவனமான குழுக்களில் ஒன்று. அப்படியிருந்தும் இல்லாத ஒரு கோள் தெரிந்தது. புறக்கோள் (வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்) தேடலில் வேலை செய்ய நினைக்கும் எவரும் வெற்றிக் கதைகளுக்கு முன்னால் படிக்க வேண்டிய நிகழ்வு இது. அளவிட்டது எது, கழித்தது எது, மிஞ்சியது எது என்பதை இதில் ஒவ்வொரு படியாகப் பிரித்துப் பார்க்க முடியும்.

விண்மீன்

ஆல்ஃபா சென்டாரி வெறும் கண்ணுக்கு ஒற்றைப் புள்ளிதான். கன்னியாகுமரியிலிருந்து பார்த்தால் மே, ஜூன் மாத இரவுகளில் தெற்கு அடிவானத்துக்கு மேலே 21 டிகிரி வரை எழும். அது இரட்டை விண்மீன் என்பதை முதலில் கண்டறிந்தது புதுச்சேரியில்தான். 1689 டிசம்பரில் வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியில் தொடர்ந்துகொண்டிருந்த இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ அதைக் கவனித்துப் பதிவு செய்தார். ஏ, பி என்னும் இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழ 80 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகின்றன. தொலைவு 4.37 ஒளியாண்டு. மூன்றாவதான பிராக்சிமா சென்டாரி சற்று விலகி, 4.24 ஒளியாண்டில் இருக்கிறது.

பி-யின் நிறை சூரியனின் நிறையில் 0.93 மடங்கு. நல்ல வெளிச்சம், அமைதியான மேற்பரப்பு, நிறமாலையில் ஆயிரக்கணக்கான கூர்மையான கோடுகள் என ஆரத்திசைவேக அளவீட்டுக்கு, அதாவது விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் நகரும் வேகத்தை அளப்பதற்கு, வேண்டிய எல்லாம் அதனிடம் இருந்தன. ஒரே குறை, பக்கத்தில் மூன்று மடங்குக்கும் மேல் பிரகாசமான ஏ இருப்பது. அந்தக் குறை பிறகு பெரிதாகியது.

அளவிடப்பட்டது என்ன

கோள் விண்மீனைச் சுற்றும்போது விண்மீனும் பொது நிறைமையத்தைச் சுற்றிச் சிறிதளவு ஆடும். நம்மை நோக்கி வரும்போது நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். இந்த ஆட்டத்தின் வீச்சை மதிப்பிட எளிய கணக்கு உண்டு. சூரிய நிறையுள்ள விண்மீனை ஓராண்டுக்கு ஒருமுறை சுற்றும் பூமி நிறைக் கோள், விண்மீனை நொடிக்கு 9 செ.மீ. வேகத்தில் ஆட்டும். சுற்றுக்காலம் குறையக் குறைய வீச்சு கூடும், ஆனால் சுற்றுக்காலத்தின் கனமூலத்துக்குத் தலைகீழாகத்தான் கூடும். 3.236 நாளுக்கும் பி-யின் நிறைக்கும் 1.13 பூமி நிறைக்கும் இதைப் போட்டால் நொடிக்கு 51 செ.மீ. வருகிறது. கட்டுரையில் இருந்த எண்ணும் அதுவே: நொடிக்கு 0.51 மீட்டர், பிழை எல்லை 0.04 மீட்டர்.

தவழும் குழந்தையின் வேகம் அது. அதை அளந்த கருவி, சிலியின் லா சில்லா மலையில் 3.6 மீட்டர் தொலைநோக்கியோடு இணைந்த ஹார்ப்ஸ் நிறமாலைமானி. விண்மீனின் ஒளி கண்ணாடி இழை வழியாகத் தனி அறையிலுள்ள வெற்றிடக் கலனுக்குள் போகிறது. கலனின் வெப்பநிலை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு அளவுக்குள் நிலையாக வைக்கப்படுகிறது. உணரியின் ஒரு படப்புள்ளி நொடிக்கு ஏறத்தாழ 800 மீட்டர் வேகத்துக்குச் சமம். அதாவது தேடும் நகர்வு ஒரு படப்புள்ளியில் சுமார் 1,600-இல் ஒரு பங்கு. ஒற்றைக் கோட்டை வைத்து இதை அளக்க வழியே இல்லை. ஆயிரக்கணக்கான கோடுகளின் நகர்வைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போதுதான் எண் கிடைக்கிறது. அளவுகோலாக, தோரியம் விளக்கின் கோடுகள் அதே உணரியில் பதிவாகின்றன.

2008 பிப்ரவரி முதல் 2011 ஜூலை வரை 459 அளவீடுகள் சேர்ந்தன. நவம்பரை ஒட்டி விண்மீன் சூரியன் இருக்கும் பக்கம் போய்விடுவதால், அவை நான்கு பருவங்களாக, நடுவில் பல மாத இடைவெளிகளோடு இருந்தன. பிற்பாடு வந்த சிக்கலின் வேர் இந்தக் கால அட்டவணைக்குள்தான் கிடந்தது.

கழித்தல்களின் வரிசை

பருவம் முழுக்கக் கிடைத்த வேக அளவீட்டில் கோளின் பங்கு மிகச் சிறியது. மற்றவற்றை ஒவ்வொன்றாக நீக்கினால்தான் அது தெரியும்.

முதலில் பூமியின் ஓட்டம். நாம் சூரியனை நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறோம். அதைக் கழிக்க விண்மீன் எந்தத் திசையில் இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும். இங்கே பலர் கவனிக்காத ஒரு கண்ணி உண்டு. விண்மீனின் இருப்பிடத்தில் ஒரு வில்நொடி (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு) பிழை இருந்தால், 30,000 மீட்டரை ஒரு வில்நொடிக் கோணத்தால் பெருக்கிய அளவுக்கு, அதாவது நொடிக்கு 15 செ.மீ. வரை, ஓராண்டு கால அளவுள்ள பொய் அலைவு வரும். ஆல்ஃபா சென்டாரியோ வானில் ஆண்டுக்கு 3.7 வில்நொடி நகரும் விண்மீன். ஓராண்டு பழைய ஆயத்தொலைவைப் போட்டால் பொய் அலைவு நொடிக்கு 50 செ.மீ.யைத் தொட்டுவிடும். தேடும் கோளின் வீச்சே அவ்வளவுதான். டுமுஸ்க் குழு இதை உணர்ந்து ஆயத்தொலைவுப் பிழைக்கும் திருத்தம் செய்திருந்தது.

இரண்டாவது, ஏ-யின் ஈர்ப்பு. 80 ஆண்டுச் சுற்றில் மூன்றரை ஆண்டு என்பது சிறு துண்டு. அதனால் அதை வளைந்த கோடாக, இரண்டாம் படிப் பல்லுறுப்பியாகக் கழித்தார்கள்.

மூன்றாவது, ஏ-யின் ஒளி இழைக்குள் கலப்பது. ஹார்ப்ஸின் இழை வானில் ஒரு வில்நொடி அகலமுள்ள வட்டத்தின் ஒளியை எடுக்கும். காற்று கலங்கிய இரவில் பக்கத்து விண்மீனின் ஒளி பரவி உள்ளே வரும். ஏ வேறு வேகத்தில் நகர்வதால் அதன் கோடுகள் பி-யின் கோடுகளைச் சாய்த்துவிடும். கலப்பு அதிகமான இரவுகளின் அளவீடுகளை ஒதுக்குவதுதான் பாதுகாப்பான வழி.

நான்காவதாக, விண்மீனின் சொந்த இரைச்சல். அளவில் சிக்கலானது இதுதான், இதற்குள்ளேயும் பல அடுக்கு. பி-யின் மேற்பரப்பு ஏறத்தாழ 4 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. 10 நிமிடம் ஒளியைச் சேர்த்தால் அது சராசரியில் கரைந்துவிடும். கொதிக்கும் உலைபோல மேலெழுந்து அடங்கும் வாயுக் குமிழ்கள் நிமிடங்களிலிருந்து மணிக்கணக்கு வரை நீடிக்கும் வேக மாற்றத்தைத் தருகின்றன. ஒரே இரவில் சில மணி நேர இடைவெளி விட்டுப் பலமுறை அளந்தால் அதையும் பெரும்பாலும் அடக்கலாம்.

கரும்புள்ளிகளை இப்படிச் சராசரியில் கரைக்க முடியாது. விண்மீன் தன்னைத்தானே ஏறத்தாழ 38 நாளில் சுற்றுகிறது. மேற்பரப்பில் புள்ளி இருந்தால், அது நம்மை நோக்கி வரும் விளிம்பின் ஒளியை முதலில் மறைக்கும், பிறகு விலகும் விளிம்பின் ஒளியை மறைக்கும். கோடுகள் ஒருமுறை சிவப்புப் பக்கமும் பிறகு நீலப் பக்கமும் நகர்ந்ததாகத் தோன்றும். புள்ளிகளைச் சூழ்ந்த காந்தப் பரப்பு குமிழ் ஓட்டத்தை அடக்குவதால் இன்னொரு மாற்றம் சேரும். இவற்றின் மொத்த வீச்சு கோளின் வீச்சைவிடப் பல மடங்கு பெரிது. அதோடு புள்ளிகள் பிறந்து மறைவதால் அலைவின் கட்டமும் (ஏற்ற இறக்கம் வரும் நேரம்) வடிவமும் பருவத்துக்குப் பருவம் மாறும்.

டுமுஸ்க் குழு இதை ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியாக, சுழற்சிக் காலத்தையும் அதன் பாதி, மூன்றில் ஒன்று போன்ற கிளை அலைவுகளையும் கொண்ட சைன் வளைவுகளால் பொருத்தியது. நீண்டகாலக் காந்தச் சுழற்சியைக் கால்சியம் கோடுகளின் ஒளிச்செறிவை வைத்துக் கழித்தது. எல்லாம் சேர்ந்த மாதிரியில் 23 மாறிகள் இருந்தன.

மிஞ்சிய வேகங்களை, எந்தக் காலத்தில் அலைவு வலுவாக இருக்கிறது என்று காட்டும் அலைவுக்கால வரைபடத்தில் போட்டபோது 3.236 நாளில் ஓர் உச்சி எழுந்தது. தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கணக்கு சொன்னது. 38 நாளுக்கோ அதன் எளிய கிளைகளுக்கோ அருகில் அது இல்லை என்பதும் கோளுக்கு ஆதரவான வாதமாக இருந்தது. அன்றைய அளவுகோல்களின்படி அந்த வாதம் பலவீனமானதல்ல.

இங்கே நிறுத்தி, 0.04 மீட்டர் என்ற பிழை எல்லையைப் பார்க்க வேண்டும். 0.51-ஐ அதனால் வகுத்தால் கிட்டத்தட்ட 13 மடங்கு. மறுக்க முடியாத கண்டுபிடிப்பு என்றே தோன்றும். ஆனால் அந்தப் பிழை எல்லை ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: கழித்த மாதிரி சரியாக இருந்தால், மிஞ்சியது ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரைச்சலாக இருந்தால் மட்டுமே அது பொருந்தும். தற்செயல் வாய்ப்பைக் கணக்கிடும் வழக்கமான முறையும் அப்படித்தான். மிச்சங்களைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்துப் போட்டு, உச்சி எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவார்கள். கலைக்கும்போதே மிச்சங்களுக்குள் ஒளிந்திருக்கும் தொடர்பும் அழிந்துபோகும். கழித்தலில் விளைந்த தவறு எதையும் இந்தச் சோதனையால் பிடிக்க முடியாது.

சந்தேகம்

முதல் குழு தன் அளவீடுகளைக் கட்டுரையோடு வெளியிட்டது. இந்த நிகழ்வின் மற்ற எல்லாப் பகுதிகளையும் சாத்தியமாக்கியது அதுதான், பாராட்ட வேண்டிய செயல். 2013-இல் ஜெர்மனியில் பணியாற்றிய வானியலாளர் ஆர்ட்டி ஹாட்செஸ் அவற்றை வேறு வடிகட்டல் முறைகளால் ஆராய்ந்தார். ஒரு முறையில் 3.24 நாள் அலைவு தெரிந்தது. இன்னொன்றில், குறுகிய கால இடைவெளிகளின் போக்கை மட்டும் தனித்தனியாகக் கழித்தபோது, அது நம்பத்தகுந்ததாக இல்லை. உண்மையான கோள் எந்த வடிகட்டியைப் போட்டாலும் ஏறத்தாழ அதே வீச்சில் நிற்க வேண்டும். வடிகட்டியைப் பொறுத்து வந்து போனால், அது வடிகட்டியின் குணமாக இருக்கலாம்.

ஹபிள் தொலைநோக்கியைக் கொண்டு கோள் விண்மீனின் முகத்தைக் கடக்கிறதா என்றும் பார்த்தார்கள். 2013, 2014-இல் சுமார் 40 மணி நேரம் கவனித்தும் அந்தக் கோளின் கடப்பு கிடைக்கவில்லை. இது எதிர்ச்சான்று ஆகாது. விண்மீனின் ஆரத்தைச் சுற்றுப்பாதையின் ஆரமான 60 லட்சம் கி.மீ.யால் வகுத்தால், நம் பார்வைக் கோட்டில் கடப்பு அமையும் வாய்ப்பு 10 சதவீதம்தான். கிடைத்திருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும், கிடைக்காததால் எதுவும் முடியவில்லை.

சாளரத்தின் நிழல்

ராஜ்பால் குழு கேட்ட கேள்வி வேறு. இந்தக் கால அட்டவணையில் அளந்து, இந்த முறையில் கழித்தால், கோளே இல்லாத விண்மீனில் என்ன மிஞ்சும்?

சினிமாவில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் சில சமயம் பின்னோக்கிச் சுழல்வதுபோலத் தெரியும். சக்கரம் அப்படிச் சுழலவில்லை. படம் எடுத்த இடைவெளியும் ஆரக்கால்களின் இடைவெளியும் சேர்ந்து உண்டாக்கும் தோற்றம் அது. விண்மீனையும் நாம் இடைவிடாமல் பார்ப்பதில்லை. இரவில் மட்டும், மேகமற்ற நாளில் மட்டும், ஆண்டில் சில மாதம் மட்டும் பார்க்கிறோம். இந்தப் பார்த்த, பார்க்காத நேரங்களின் வடிவத்துக்குச் சாளரச் சார்பு என்று பெயர். அதற்கே சொந்தமாக அலைவுக்கால வரைபடம் உண்டு, அதில் சொந்த உச்சிகள் உண்டு. விண்மீனில் மெதுவாக மாறும் பெரிய அலைவு ஒன்று இருந்தால், சாளரத்தின் ஒவ்வொரு உச்சிக்கும் பக்கத்தில் அதன் நிழல் விழும்.

ஆல்ஃபா சென்டாரி பி-யின் 459 அளவீட்டு நேரங்களின் சாளரச் சார்பில் 3.24 நாளுக்கு அருகே முதலிலிருந்தே ஓர் உச்சி இருந்தது. வேறு உச்சிகளும் இருந்தன. விண்மீனின் செயல்பாட்டை மாதிரி வைத்துக் கழித்தபோது மற்றவை தற்செயலாக அடங்கிப்போயின, 3.24 நாள் மட்டும் தனியே நின்றது. தனியாக நின்றதால்தான் அது கோள்போலத் தெரிந்தது.

இதை வாதமாக மட்டும் அவர்கள் வைக்கவில்லை, செய்து காட்டினார்கள். கோள் இல்லாத விண்மீனின் வேகத்தைக் கணினியில் உருவாக்கி, உண்மையான அளவீட்டு நேரங்களில் மாதிரி எடுத்து, முதல் குழுவின் கழித்தல் முறையை அப்படியே பின்பற்றினார்கள். அறிவிக்கப்பட்ட கோளுக்கு ஏறத்தாழ ஒத்த ஒரு கோள் அந்த வெற்றுத் தரவிலிருந்தும் கிடைத்தது. இதற்குப் பிறகு டுமுஸ்க்கும் அந்தக் கோள் அநேகமாக அங்கே இல்லை என்பதை ஏற்றுக்கொண்டார்.

செயல்பாட்டைச் சைன் வளைவுகளால் பொருத்துவதற்குப் பதிலாக ராஜ்பால் குழு கையாண்டது காஸியன் செயல்முறை என்ற புள்ளியியல் முறை. புள்ளிகளின் வடிவம் இதுதான் என்று முன்கூட்டியே வரையறுக்காமல், சுழற்சிக் காலம், புள்ளிகளின் ஆயுள் போன்ற சில பண்புகளை மட்டும் வைத்துக்கொள்கிறது அது. வேகம், கால்சியம் கோட்டின் செறிவு, கோட்டின் வளைவு மூன்றையும் ஒரே அடிப்படைச் சார்பின் வெவ்வேறு முகங்களாகக் கொண்டு ஒரே நேரத்தில் பொருத்துகிறது. கோள் கோட்டின் வடிவத்தை மாற்றாது, நகர்த்தும். புள்ளி வடிவத்தையும் மாற்றும். வேகத்தில் மட்டும் தெரிந்து மற்ற இரண்டிலும் தெரியாததே கோளுக்குப் போகும். இதற்கும் ஆபத்து உண்டு: கட்டுப்பாடில்லாமல் விட்டால் உண்மையான கோளின் அலைவையும் விழுங்கிவிடும். அதனால் கோளையும் செயல்பாட்டையும் ஒன்றாகச் சேர்த்தே பொருத்த வேண்டும். முதலில் ஒன்றைக் கழித்துவிட்டு மிச்சத்தில் இன்னொன்றைத் தேடக் கூடாது.

இதே சோதனையை நீங்கள் செய்ய

பொதுத் தரவகத்திலுள்ள எந்த ஆரத்திசைவேகத் தொகுப்புக்கும், சாதாரணக் கணினியில், இதைச் செய்யலாம். முதலில் அளவீட்டு நேரங்களை மட்டும் எடுத்து, வேகம் எல்லாவற்றுக்கும் 1 என்று போட்டு, சராசரியைக் கழிக்காமல் லோம்ப்-ஸ்கார்கிள் வரைபடம் (சீரற்ற இடைவெளிகளில் எடுத்த தரவுக்கான அலைவுக்கால வரைபடம்) வரையுங்கள். (மென்பொருள் பலவும் சராசரியைத் தாமாகவே கழித்துவிடும், அந்தத் தெரிவை அணைக்காவிட்டால் வரைபடம் வெறுமையாக வரும்.) வருவது சாளரச் சார்பு. உங்கள் கோளின் அலைவுக்காலம் அதன் உச்சி ஒன்றின் மீது அமர்ந்திருந்தால் எச்சரிக்கை.

பிறகு, கோள் இல்லாமல், செயல்பாட்டு இரைச்சலும் அளவீட்டுப் பிழையும் மட்டும் கொண்ட செயற்கைத் தரவை அதே நேரங்களில் குறைந்தது 1,000 முறை உருவாக்குங்கள். கச்சா வேகத்திலிருந்து கடைசி வரைபடம் வரை முழு வேலையையும் ஒவ்வொன்றிலும் ஓட்டுங்கள். கடைசிப் படியை மட்டும் ஓட்டினால் பயனில்லை. எத்தனை முறை கோள் கிடைக்கிறது என்பதே உண்மையான பொய் எச்சரிக்கை விகிதம். அடுத்ததாக, தெரிந்த வீச்சில் பொய்க் கோளைச் சேர்த்து, அது சரியான வீச்சில் மீள்கிறதா என்று பாருங்கள். பாதியாகக் குறைந்தால் உங்கள் மாதிரி கோளையும் தின்கிறது.

பருவங்களைத் தனித்தனியாகவும் பிரித்துப் பாருங்கள். கோளின் அலைவு எல்லாப் பருவத்திலும் ஒரே கட்டத்தில், ஒரே வீச்சில் இருக்கும். புதிய அளவீடுகள் சேரச் சேர அதன் வலு சீராகக் கூடும். புள்ளிகளின் அலைவு ஒரு பருவத்தில் ஓங்கி அடுத்ததில் தேயும்.

கோள் உண்மையாகவே இருந்தாலும் சாளரம் ஏமாற்றும். 55 கேன்க்ரி விண்மீனின் உட்கோளுக்கு முதலில் கொடுத்த சுற்றுக்காலம் 2.8 நாள். 2010-இல் ரெபேக்கா டாசனும் டேனியல் ஃபாப்ரிக்கியும் அது நாளுக்கு ஒருமுறை அளப்பதால் வந்த போலி அலைவு, உண்மைக் காலம் 0.74 நாள் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே அந்த 0.74 நாளில் கோளின் கடப்பு தெரிந்தது. இரண்டு எண்களின் தலைகீழ்களைக் கழித்தால் ஒரு நாளுக்கு ஒன்று என்ற அளவு வரும். போலியைச் சரிபார்க்கும் முதல் கணக்கு இது, ஒரு நிமிட வேலை.

(இரட்டை விண்மீனில் இல்லாத துணையைக் காண்பது பழைய இடர்தான். 1855-இல் மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பிலிருந்த கேப்டன் வில்லியம் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் பாதையில் கண்ட பிசகுகளை வைத்து அங்கே கோள் இருக்கக்கூடும் என்று எழுதினார். அந்தக் கோளும் நிலைக்கவில்லை.)

பக்கத்து விண்மீனில்

2016 ஆகஸ்டில் பிராக்சிமா சென்டாரியின் கோள் அறிவிக்கப்பட்டது. அதே ஹார்ப்ஸ், அதே முறை. ஆனால் வேலையின் வரிசை தலைகீழ். 2000 முதல் 2014 வரையிலான பழைய அளவீடுகளில் 11.2 நாள் அலைவின் சாயல் தெரிந்தது. கில்லெம் அங்லாடா-எஸ்குடே தலைமையிலான குழு அதை உடனே அறிவிக்கவில்லை. அந்த ஒரு காலத்தைச் சோதிப்பதற்கென்றே 2016 ஜனவரி 19 முதல் மார்ச் 31 வரை, முடிந்தவரை ஒவ்வொரு இரவும் அளக்க அட்டவணை போட்டது. அருகருகே அடுக்கிய அளவீடுகளால் சாளரத்தின் தொந்தரவு குறைந்தது. அதே நாள்களில் வேறு தொலைநோக்கிகள் விண்மீனின் வெளிச்சத்தைத் தொடர்ந்து அளந்தன. வெளிச்சத்தில் 11.2 நாள் அலைவு தெரியவில்லை, வேகத்தில் தெரிந்தது. வீச்சு நொடிக்கு 1.4 மீட்டர். விண்மீன் சிறியது என்பதால், ஏறத்தாழ பூமியளவு குறைந்தபட்ச நிறையுள்ள கோளே இவ்வளவு ஆட்டுகிறது. 2020-இல் புதிய எஸ்பிரெசோ நிறமாலைமானி அதைத் தனியாக உறுதி செய்தது.

பி-யைச் சுற்றி இதுவரை உறுதியான கோள் எதுவுமில்லை. ஏ-யின் அருகே 2024 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஓர் ஒளிப்புள்ளியைப் படம்பிடித்தது. 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மீண்டும் பார்த்தபோது அது தெரியவில்லை. சுற்றுப்பாதையில் விண்மீனுக்கு மிக நெருக்கமாகப் போயிருக்கலாம் என்கிறார்கள், அதனால் அது இன்னும் வேட்பாளர் நிலையில்தான் இருக்கிறது.

ஏ-யும் பி-யும் 2016-ஐ ஒட்டி வானில் 4 வில்நொடி இடைவெளிக்கு நெருங்கியிருந்தன. அந்த ஆண்டுகளில் பி-யின் ஒளியை ஏ-யின் கலப்பில்லாமல் எடுப்பது பெரும்பாடு. இப்போது அவை விலகிக்கொண்டிருக்கின்றன.